எச் வரிசை, அறுபத்திரண்டாம் இருக்கை

21 செப்டம்பர் 1996, சனிக்கிழமை

மேற்கு ஸ்டாண்ட், எச் வரிசை, 62ஆம் இருக்கையில் போன வாரம் உட்கார்ந்திருந்த மில்பெக் ஆசாமிக்கு,

இது என் இருக்கை. பத்தொன்பது வருடமாக வருடச் சீட்டு வாங்கி இதில் உட்காருகிறேன். உங்கள் கிளப் முதலாளி உங்கள் மைதானத்தைச் சூப்பர் மார்க்கெட்காரனுக்கு விற்றுவிட்டார். உங்களுக்குப் போக்கிடம் இல்லை. அதனால் இந்தப் பருவம் முழுக்க ஒரு சனிக்கிழமை நாங்கள், மறு சனிக்கிழமை நீங்கள் என்று எங்கள் டன்ஷா கால்பந்து மைதானத்தில் ஆடிக்கொள்ள எங்கள் நிர்வாகம் இடம் கொடுத்திருக்கிறது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று வந்து பார்க்கிறேன், இருக்கைக்குக் கீழே பதினோரு டாஃபித் தாள். எண்ணினேன். முன் இருக்கையின் முதுகில் சேற்றுக் கால் தடம். எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பிடியில் ஒரு மஞ்சள் ரிப்பன். டன்ஷாவின் நீல இருக்கையில் மில்பெக்கின் மஞ்சள்! கத்தரிக்கோல் கொண்டுவராததால் பல்லால் கடித்து அறுத்தேன். அறுபத்தாறு வயதில் எனக்கு இருப்பது சொந்தப் பல்லும் அல்ல.

இருபத்து நான்கு அணிகளில் இருபத்து மூன்றாவதாகக் கிடக்கும் கூட்டத்திடம் ஒழுங்கை எதிர்பார்ப்பது என் தப்புதான். ஆனாலும் சொல்லிவைக்கிறேன். இதை இருக்கையின் அடியில் ஒட்டியிருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துக் கீழே போட வேண்டாம்.

சிரில் ஹாஸ்லம்
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்


28 செப்டம்பர் 1996

ஹாஸ்லம் ஐயாவுக்கு,

ஆசாமி இல்லை, பொம்பளை. மில்பெக் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு போடுகிறவள்.

தாள் பதினொன்று இல்லை, பதின்மூன்று. இரண்டு காற்றில் போயிருக்கும். அன்றைக்கு நாலு கோல் வாங்கினோம். கோலுக்கு மூன்று டாஃபி, நடுவருக்காக ஒன்று. கடித்துத் துப்ப ஏதாவது வேண்டாமா? சேற்றுக் கால் என்னுடையது இல்லை, பக்கத்து இருக்கைக்காரருடையது. ரிப்பன் என்னுடையதுதான். இன்று மறுபடி கட்டியிருக்கிறேன், இரட்டை முடிச்சாக. பல் பத்திரம்.

இருபத்து மூன்று என்று எகத்தாளம் பேசுகிறீர்கள். லீக்கை விட்டுத் துரத்துவது கடைசி அணியை மட்டும்தான். எங்களுக்குக் கீழே ஒருவன் இருக்கிறான், அது போதும் எங்களுக்கு.

தாராளமாக எழுதுங்கள். டன்ஷாக்காரன் வாயால் வசவு கேட்டு வளர்ந்த உடம்பு இது. திட்டு இல்லாவிட்டால்தான் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

பிரெண்டா ஹெஸ்கெத்


19 அக்டோபர் 1996

திருமதி ஹெஸ்கெத் அவர்களுக்கு,

போன சனிக்கிழமை ஐந்து-பூஜ்யம் என்று பத்திரிகையில் பார்த்தேன். அச்சுப் பிழையோ என்று இரண்டாவது பத்திரிகையும் வாங்கினேன். இல்லை.

இங்கே எங்கள் ஆட்கள் பேசுவதைக் கேட்டால் உங்களுக்குக் காது கூசும். கேளுங்கள். என் பக்கத்து இருக்கை வில்ஃப் சொல்கிறான், "மில்பெக் கோல்கீப்பருக்கு முதுகுவலியாம்டா. பந்தப் புடிச்சு இல்ல, வலைக்குள்ள கெடக்குறதக் குனிஞ்சு குனிஞ்சு எடுத்தே வந்துருச்சு." பின்வரிசை ஆள் கேட்கிறான், "அவனுங்க வாராவாரம் வந்து பாக்குறானுங்களே, வீட்ல வேற வேலையே இல்லையா?" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன்?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் ஆட்டத்தன்று வாசலில் நின்று உங்கள் கிளப்புக்காக வாளி ஏந்தி வசூல் செய்யப் போகிறோம். எவ்வளவானாலும் பக்கத்து ஊர். பார்க்கப் பாவமாக இருக்கிறது.

டாஃபித் தாள் இம்முறை ஆறுதான். முன்னேற்றம்.

சி. ஹாஸ்லம்


9 நவம்பர் 1996

ஹாஸ்லம் ஐயாவுக்கு,

வாளி வந்து சேர்ந்தது. எங்கள் நிர்வாகம் வாங்கிக்கொண்டது. வேறு வழியில்லை. ஆனால் எனக்கு வயிறு எரிகிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

இன்று ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் மைதானத்து எதிர்க் கடைக்குச் சிப்ஸ் வாங்கப் போனேன். என் மஞ்சள் கழுத்துத் துணியைப் பார்த்ததும் கடைக்காரி, "ஐயோ, நீங்க மில்பெக்கா? பாவம்மா நீங்க. இந்தாங்க, கூட ரெண்டு கரண்டி பட்டாணி வெச்சுக்கங்க, காசு வேணாம்" என்றாள்.

நான் சொன்னேன், "பட்டாணிய எடு. எடுத்துட்டு எங்களப் பத்திக் கேவலமா ரெண்டு வார்த்த பேசு."

அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரிகிறதா? எழுபத்து நாலில் எங்கள் ஆள் ஒரு காலில் சுளுக்கோடு உங்களுக்கு எதிராக மூன்று கோல் போட்டபோது, டன்ஷாவில் யாரும் பாவம் என்று சொல்லவில்லை. எங்கள் பேருந்துக் கண்ணாடியை உடைத்தீர்கள். அது மரியாதை! எங்களைப் பார்த்துப் பயந்தீர்கள். இன்று வாளி ஏந்துகிறீர்கள். செத்த வீட்டுக்குத்தான் இப்படித் தட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் சாகவில்லை.

திட்டுங்கள். கேலி பண்ணுங்கள். பாவம் என்கிற வார்த்தை மட்டும் இந்த இருக்கைக்கு அடியில் வரக்கூடாது.

பிரெண்டா ஹெஸ்கெத்


11 ஜனவரி 1997

திருமதி ஹெஸ்கெத் அவர்களுக்கு,

புரிந்தது. இனி அந்த வார்த்தை வராது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆட்டம் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது உங்கள் 'சொந்த மைதான' ஆட்டமாம். அதனால் நீங்கள் என் இருக்கையில் ஜம்மென்று உட்கார, நான் என் சொந்த மைதானத்திலேயே விருந்தாளியாகத் தெற்கு மூலையில், தூணுக்குப் பின்னால் நின்றேன். பாதி கோல் கம்பம்தான் தெரிந்தது. பரவாயில்லை, நாங்கள் போட்ட மூன்று கோலும் அந்தப் பாதியில்தான் விழுந்தன.

நீங்கள் கேட்டபடி உங்களைத் தொண்டை கிழியத் திட்டினேன். உங்கள் இடதுபக்கத் தடுப்பாளன் ஓடுவதைப் பார்த்து வில்ஃப் கத்தினான், "டேய், அவனுக்கு ஒரு நாற்காலி போடுங்கடா, நின்னு நின்னு கால் வலிக்குது பாரு!" நான் அதைவிட மோசமாக ஒன்று சொன்னேன். எழுத்தில் போட முடியாது.

வீட்டுக்குப் போனதும் ஹில்டா, என் மனைவி, "என்ன குரலே வரல?" என்றாள். பல வருடத்துக்குப் பிறகு ஒரு நல்ல கிறிஸ்துமஸ் எனக்கு. இதைச் சொல்ல ஏனோ உங்களைத் தவிர ஆள் இல்லை.

சிரில் ஹாஸ்லம்


15 பிப்ரவரி 1997

ஹாஸ்லம் ஐயாவுக்கு,

இன்று சண்டைக்கு நேரமில்லை. வேறு சண்டை வந்திருக்கிறது.

வரும் ஆகஸ்டுக்குள் எங்கள் ஊரிலேயே மைதானம் இல்லையென்றால் லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்துவிட்டது. மில்பெக்கில் மூடிக்கிடக்கும் நாய்ப் பந்தயத் திடலைக் குத்தகைக்குப் பேசி முடித்திருக்கிறோம். நகர சபை அனுமதி மட்டும் பாக்கி. ஏப்ரல் எட்டு அன்று கவுன்சிலர்கள் கை தூக்குவார்கள். தூக்காவிட்டால் தொண்ணூற்று நாலு வருடக் கிளப் அன்றோடு சரி.

திடலை ஒட்டிய கென்னல் சந்து முழுக்க எதிர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறது. சபை அலுவலகப் பெண் சொன்னாள், "பக்கத்துல குடியிருக்குறவங்க இத்தன பேரு வேணாங்கறப்ப, யாரும்மா கையத் தூக்குவாங்க?"

அதனால் வீடு வீடாகப் போனேன். முதல் வீடு, நீலக் கதவு. கதவை நாலு விரல் திறந்தார் ஒரு பெரியவர். "பிரெண்டா ஹெஸ்கெத், பள்ளிக்கூடத்துல சமைக்கிறேன், ஒரு ரெண்டு நிமிஷம்" என்று ஆரம்பித்தேன். "எழுதிக் குடுத்தாச்சு. தெருவே குடுத்தாச்சு. கெளம்புங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சாத்திவிட்டார். சொந்த ஊர்க்காரன்! டன்ஷாக்காரனாவது நேருக்கு நேர் நின்று வைவான்.

மற்ற வீடுகளில் கதவே திறக்கவில்லை.

பிரெண்டா


22 பிப்ரவரி 1997

திருமதி ஹெஸ்கெத் அவர்களுக்கு,

நீலக் கதவு என்னுடையது.

ஹில்டா மில்பெக்காரி. கல்யாணம் ஆனதிலிருந்து முப்பத்தொரு வருடமாகக் கென்னல் சந்தில், உங்கள் நடுவில் குடியிருக்கிறேன். கதவுக்கு நீலம் அடித்தது உங்களை வெறுப்பேற்றத்தான்.

ஆட்சேபணையை எழுதியதும் நான்தான். போன ஆகஸ்டில் உங்கள் ஆட்கள் திடலை அளக்க வந்த அன்றே உட்கார்ந்து எழுதினேன். இருபத்தாறு வீட்டுக்கும் நானே எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கினேன். எல்லோரும் என் பேருந்தில் ஏறியவர்கள், இல்லையென்று சொல்ல மாட்டார்கள். விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும், கூச்சல் தாங்காது என்று காரணம் எழுதினேன். உண்மைக் காரணம் அதில்லை. நீங்கள் ஒழிய வேண்டும். பூண்டோடு. அதுதான் காரணம்.

நீங்கள் பெயர் சொன்னதும் யாரென்று தெரிந்தது. முகத்தைப் பார்க்க முடியாமல் கதவைச் சாத்தினேன். அது தப்பு. மற்றதைத் தப்பு என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

சிரில் ஹாஸ்லம்


1 மார்ச் 1997

ஹாஸ்லம்,

ஐந்து மாதமாக என் வயிற்றெரிச்சலையெல்லாம் யாரிடம் கொட்டினேன் என்று இப்போது தெரிகிறது.

ஒழிய வேண்டும் என்று நினைத்ததற்கு எனக்குக் கோபமில்லை. நானும் உங்களை அப்படித்தான் நினைக்கிறேன், தினமும். ஆனால் நான் மைதானத்தில் ஒழிக்க நினைக்கிறேன். நீங்கள் தாளில் ஒழிக்கப் பார்த்தீர்கள்.

இப்போது மனசு இளகி, ஐயோ என்று வாபஸ் வாங்க ஓடாதீர்கள். ஓடினால் அதையும் உங்கள் வாளியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பிச்சையாக வருகிற திடல் எங்களுக்கு வேண்டாம். நாங்கள் போராடி வாங்குவோம், இல்லையென்றால் போராடிச் சாவோம்.

இனி இந்த இருக்கைக்கு அடியில் எதையும் ஒட்ட வேண்டாம்.

பி. ஹெஸ்கெத்


22 மார்ச் 1997

திருமதி ஹெஸ்கெத் அவர்களுக்கு,

ஒட்ட வேண்டாம் என்றீர்கள். இருக்கை என்னுடையது, ஒட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகை பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு அனுமதி கிடைக்காவிட்டால் இரண்டு கிளப்பையும் ஒன்றாக்கிவிடலாம் என்று எங்கள் தலைவர் யோசனை சொல்லியிருக்கிறார். டன்ஷா-மில்பெக் யுனைடெட்! சட்டை நிறம் பச்சையாம். நீலத்தில் மஞ்சளைக் கலந்தால் பச்சைதானே வரும் என்று பேட்டியில் சிரிக்கிறார் அந்த மனுஷர். ஓவிய வகுப்பு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, வில்ஃபுக்கும் உங்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரே கோலுக்கு மூன்று பேரும் கைதட்ட வேண்டுமாம். அதற்கு நான் இப்போதே கண்ணை மூடிவிடலாம்.

ஆகவே என் ஆட்சேபணையை எடுத்துக்கொண்டேன். தெருவில் இன்னும் பத்தொன்பது வீடும் எடுத்துக்கொண்டது. மீதி ஆறு பேர் பிடிவாதக்காரர்கள், கெஞ்சியும் பலனில்லை. இது சுத்தமான சுயநலம். என் நீலத்தைக் காப்பாற்றத்தான். உங்களுக்காக ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை என்று தெரிந்து நிம்மதியாக இருங்கள்.

சி. ஹாஸ்லம்


12 ஏப்ரல் 1997

ஹாஸ்லம் ஐயாவுக்கு,

ஏழுக்கு நாலு. ஏழு கை உயர்ந்தன. ஏழாவது கை உயர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வெளியே எங்கள் ஆட்கள் முந்நூறு பேர் நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் மறுநாள் எல்லாப் பிள்ளைக்கும் மஞ்சள் கஸ்டர்ட், கேட்ட வரைக்கும் ஊற்றினேன். திரும்பி வருகிறோம்! ஆகஸ்டில் எங்கள் ஊரில், எங்கள் திடலில் ஆடுகிறோம். உங்கள் வயிறு எரியட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்பு வந்ததும் அலுவலகத்தில் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கடைசி வரை எதிர்த்த அந்த ஆறு பேர் யாரென்று மனதில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான். உங்கள் கடிதமும் அதில் இருந்தது.

நீங்கள் வாபஸ் வாங்கிய தேதி மார்ச் மூன்று. பச்சைச் சட்டைச் செய்தி பத்திரிகையில் வந்தது மார்ச் பதினெட்டு. தெருக்காரர்கள் பத்தொன்பது பேரும் பதினான்குக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினைந்து நாள் கழித்து வரப்போகும் செய்தியைப் படித்தா வாபஸ் வாங்கினீர்கள்?

பொய் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் அது இரக்கம்தான். வேண்டாம் என்று எழுதினேனே. இத்தனை வருடத்தில் நாங்கள் ஜெயித்த ஒரே பெரிய ஆட்டம் இது. அதையும் டன்ஷாக்காரன் போட்ட பிச்சை ஆக்கிவிட்டீர்களா? பதில் சொல்லுங்கள். மழுப்பாமல் சொல்லுங்கள்.

பிரெண்டா ஹெஸ்கெத்


19 ஏப்ரல் 1997

திருமதி ஹெஸ்கெத் அவர்களுக்கு,

சரி. மழுப்பவில்லை.

மார்ச் ஒன்றாம் தேதி நான் உங்கள் ஆட்டத்துக்கு வந்தேன். சீட்டு வாங்கி, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் உங்கள் ஆட்கள் நடுவில் நின்றேன். கதவைச் சாத்திய பிறகு மனசு சரியில்லை. என் இருக்கையில் உட்காருகிறவளை ஒரு தரம் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கொட்டுகிற மழை. எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர். எழுபதாவது நிமிடத்தில் நாலு-பூஜ்யம். நான் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன், வேலை விழுந்த சனிக்கிழமைகளில் டன்ஷா மைதான வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பேன். எங்கள் ஆட்கள் இரண்டு கோல் பின்தங்கினால் எழுபதாவது நிமிடத்திலேயே என் வண்டி நிறைந்துவிடும். அன்றைக்கு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் வெளியே போகவில்லை. ஒரே ஒருவர்கூட!

எண்பத்து நாலாவது நிமிடம் உங்களுக்கு முதல் கார்னர் கிடைத்தது. கோல் இல்லை, மூலையிலிருந்து பந்தை உதைக்கிற வெறும் கார்னர். மைதானமே எழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு தடியன், "கார்னர்டா! மொத கார்னர்டா! இனிமே பாரு!" என்று என்னை எலும்பு நொறுங்கக் கட்டிப்பிடித்தான். நான் தள்ளவில்லை. எதிரே, நீங்கள் என் இருக்கைமேல் ஏறி நின்று, நாலு கோல் முன்னால் இருக்கிறவள் மாதிரி கோட்டோரம் நின்ற லைன்ஸ்மேனை விரல் நீட்டி வைதுகொண்டிருந்தீர்கள். பிறகு குனிந்து கடிதத்தை ஒட்டினீர்கள். அதில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் போய் வாபஸ் வாங்கினேன்.

அது இரக்கம் இல்லை, பொறாமை. பத்தொன்பது வருடம் ஜெயிக்கிற அணியோடு உட்கார்ந்தும் எனக்கு அப்படி ஒரு கார்னர் கிடைத்ததில்லை. இதை எழுதிக் கொடுக்கக் கூசித்தான் பச்சைச் சட்டையைச் சொன்னேன்.

சிரில் ஹாஸ்லம்


26 ஏப்ரல் 1997

சிரில்,

உங்கள் மைதானத்தில் இது எங்கள் கடைசி ஆட்டம். ஒன்று-ஒன்று. இருபத்து மூன்றாவதாக முடித்தோம். லீக்கில் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை ஆட்டத்துக்கு முன்னாலேயே படித்துவிட்டேன். முதல் பாதியில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர், "ஏன் அழுவுற பிரெண்டா, இன்னும் தோக்கலயே" என்றார். நன்றி என்று எழுத மாட்டேன். டன்ஷாக்காரனுக்கு அந்த வார்த்தையை எழுத என் கை வராது. பொறாமை என்று ஒத்துக்கொண்டீர்களே, எனக்கு அது போதும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மடித்து என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

திடல் வேலை ஆரம்பித்துவிட்டது. நான் கமிட்டியில் இருக்கிறேன். எங்கள் பக்கம் தகரக் கூரை போடுகிறோம். விருந்தாளிப் பக்கத்துக்கும் போடலாம் என்றார்கள். "ஒரு தகரம்கூட வேணாம். அங்க நிக்கப் போறது டன்ஷாக்காரனுங்க, நல்லா நனையட்டும்" என்று நான்தான் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

ஆகஸ்ட் இருபத்து மூன்று, சொந்தத் திடலில் முதல் ஆட்டமே உங்களோடுதான். வாருங்கள். வீட்டு ஜன்னலில் ஒளிந்துகொண்டு பார்க்காமல் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். வில்ஃபையும் கூட்டிவாருங்கள். கொட்டுகிற மழையில் நின்று, எங்களை வாய் வலிக்கத் திட்டுங்கள். எங்களில் ஒருவரும் அழ மாட்டோம். உங்களில் ஒருவரும் பாவம் என்று சொல்லக் கூடாது.

பிரெண்டா